கயிறு எட்டின கடை: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் ஒரு பொது மருத்துவர். ஆற்றோரங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்த ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு சென்னைக்குத் தெற்கே இருக்கிறது, அங்கே ஒரு சின்ன கிளினிக்கில் வாரத்தில் இரண்டு நாள் உட்காருகிறேன். அங்கு வந்துகொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு 2024 தொடக்கத்தில் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அதற்கு முன் நாலரை வருடமாக அவரை நான் பார்த்துவந்தேன், எடை ஏறுவதை ஒவ்வொரு முறையும் சீட்டில் எழுதினேன், ஆனால் ஏன் ஏறுகிறது என்று அவர் வீடு வரை போய்ப் பார்க்க ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதியதை அவருக்குப் படித்துக்காட்டி, அவர் சம்மதித்த பிறகே வெளியிடுகிறேன், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

2017 வரை அவர் கூவம் கரையில், சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் குடியிருந்தார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோர வீடுகளை எடுக்கும் வேலை வேகமானது இல்லையா, அந்த அலையில் இடம்பெயர்ந்த குடும்பம். கணவர் இல்லை. மகன் ஆட்டோ ஓட்டுகிறார், மருமகள் ஒரு அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங், இரண்டு பேரப்பிள்ளைகள்.

பழைய இடத்தில் அவர் மூன்று வீடுகளில் வேலை செய்தார். விடிகாலையில் கிளம்பி நடந்தே போய், பாத்திரம், துணி, தரை துடைப்பது என்று முடித்துக்கொண்டு, வரும் வழியில் மீன் மார்க்கெட்டில் கடைசி நேர விலைக்கு எதையாவது வாங்கிக்கொண்டு நடந்தே திரும்புவார். காலையில் பழையது, மதியம் குழம்பு. கீரைக்காரம்மா தெருவுக்கே வருவார். அந்த வாழ்க்கையை நான் அழகாக்கிச் சொல்ல வரவில்லை. மழை வந்தால் வீட்டுக்குள் சாக்கடை வரும், கொசு, பாம்பு, எல்லாம் இருந்தது. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு நடந்த ஒரு முகாமில் எழுதிக்கொடுத்த அட்டையை அவர் பத்திரமாக வைத்திருந்தார், அதில் எடை 57 கிலோ. உயரம் 151 சென்டிமீட்டர். உடல் நிறை குறியீடு, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 25. நம் ஊர் அளவுகோலில் 23க்கு மேல் போனால் கூடுதல் எடை, 25க்கு மேல் பருமன். அதாவது ஏற்கெனவே எல்லையில்தான் இருந்தார், ஆனால் அங்கேயே நின்றிருந்தார்.

புது வீடு நாலாவது மாடி. பழைய வேலைக்குப் போய்வரப் பேருந்தில் நாலு மணி நேரம் ஆகும் என்றதும் மூன்று வீட்டு வேலையும் போனது. ஒரு வருடம் சும்மா இருந்தார், அப்புறம் வீட்டில் உட்கார்ந்தபடி மருந்து அட்டைப்பெட்டி மடித்துக்கொடுக்கும் வேலை கிடைத்தது. எண்ணிக்கைக்குக் கூலி. ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருப்பார்.

2019 முதல் 2023 வரை: சீட்டில் இருந்தது

2019 நடுவில் முதன்முதலாகக் கிளினிக்குக்கு வந்தபோது 66 கிலோ, சர்க்கரை இருந்தது, மெட்ஃபார்மின் ஆரம்பித்தோம். 2021இல், அவருடைய 50ஆவது வயதில், மாதவிலக்கு நின்றது. 2023 கடைசியில் எடை 81 கிலோ, குறியீடு 35ஐத் தாண்டிவிட்டது, இடுப்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர் (நம் பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும்). மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 9.1 சதவீதம்.

இந்த நாலரை வருடமும் சீட்டின் கடைசி வரியாக நான் எழுதியது கிட்டத்தட்ட ஒரே வாசகம்: அரிசியைக் குறைக்கவும், தினமும் 45 நிமிடம் நடக்கவும். ஒருமுறை அவர் கேட்டார், "எங்க நடக்க சொல்றீங்க டாக்டரம்மா? வராந்தாவுலயா?" நான் பதில் சொன்னேனா என்பது நினைவில்லை. வரிசையில் இன்னும் முப்பது பேர் இருந்திருப்பார்கள்.

இன்னொரு விஷயமும் அந்தச் சீட்டுகளில் இருக்கிறது, அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. 2022இல் அவருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை நடந்தது, ஒன்றும் இல்லை என்று வந்தது. அரசு நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் என்ற மூன்றுக்குத்தான். கர்ப்பப்பையின் உட்சுவரில் வருவது வேறு நோய், வேறு இடம், வேறு காரணம். அதற்கென்று எல்லாருக்கும் செய்கிற முன்கூட்டிய பரிசோதனை உலகத்தில் எங்கும் நடைமுறையில் இல்லை. இதை யாரும் அவரிடம் பிரித்துச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "கர்ப்பப்பை டெஸ்டு எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்ற நிம்மதியோடு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

வராந்தாக் கொடியில் துணி

கண்டுபிடித்தது நான் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர், 2024 ஜனவரியில் ஒரு நாள் அவர் வீட்டு வாசலில் நின்றபோது, வராந்தாக் கொடியின் ஓரத்தில், ஒரு புடவைக்குப் பின்னால் மறைத்தாற்போல, கிழித்து மடித்த பழைய துணிகள் காய்வதைப் பார்த்தார். அந்த வீட்டில் மருமகள் நாப்கின்தான் வாங்குவார் என்பது அவருக்குத் தெரியும். "யாருக்குக்கா இது?" என்று கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டு, "எனக்குத்தான். திரும்ப வந்துருச்சு" என்று சொல்லியிருக்கிறார் அந்த அம்மா. மூன்று மாதமாக விட்டு விட்டு வந்திருக்கிறது. உடம்பு இன்னும் தெம்பாக இருப்பதற்கு அடையாளம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் பார்க்க வேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது. அப்படி வருகிற பத்துப் பெண்களில் சுமார் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கும். மறுபக்கமாகப் பார்த்தால், இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முதல் அறிகுறி இந்த ரத்தப்போக்குதான். முன்கூட்டிய பரிசோதனை இல்லாத நோய்க்கு உடம்பே மணி அடிக்கிறது. அந்த மணியை யாராவது கேட்டாக வேண்டும், அவ்வளவுதான்.

எடுத்த முடிவுகள்

தன்னார்வலர் போன் செய்த அன்றே அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குக் கடிதம் எழுதினேன். மாத்திரை கொடுத்து ரத்தத்தை நிறுத்திப் பார்ப்பது என்ற யோசனைக்கே இடம் தரவில்லை, ஏனென்றால் ரத்தம் நின்றுவிட்டால் அவர் போகமாட்டார். ஸ்கேனில் கர்ப்பப்பை உட்சுவரின் தடிமன் 14 மில்லிமீட்டர். மாதவிலக்கு நின்ற, ரத்தம் படுகிற பெண்ணுக்கு 4 மில்லிமீட்டரைத் தாண்டினாலே சதை எடுத்துப் பார்க்க வேண்டும். மெல்லிய குழாய் வைத்து எடுத்தார்கள், மயக்க மருந்துகூட வேண்டியிருக்கவில்லை. முடிவு, முதல் தரப் புற்றுநோய், மெதுவாக வளரும் வகை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அது தசைச்சுவரின் பாதி ஆழத்தைத் தாண்டவில்லை.

அடுத்த கேள்வி அறுவை சிகிச்சை எப்போது என்பது. எடையும் சர்க்கரையும் இருக்கிற நிலையில் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, மூன்று மாதம் எடையைக் குறைத்துவிட்டு வரட்டும் என்று ஒரு கருத்து வந்தது. நானும் அறுவை சிகிச்சை நிபுணரும் வேறு மாதிரி யோசித்தோம். நாலரை வருடத்தில் குறையாத எடை, அதே வீட்டில், பயத்தோடு இருக்கிற மூன்று மாதத்தில் குறையும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை, அதற்குள் நோய் ஆழமாகப் போகலாம். சர்க்கரையை மட்டும் இன்சுலின் போட்டு இரண்டு வாரத்தில் கட்டுக்குள் கொண்டுவந்து, எடையை அப்படியே ஏற்றுக்கொண்டு, பிப்ரவரி கடைசியில் லேப்ராஸ்கோப்பி முறையில் கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்கள். பருமனான வயிற்றில் பெரிய தையல் போட்டால் புண் ஆறாமல் சீழ் பிடிப்பது சகஜம், சின்னத் துளைகள் வழியாகச் செய்யச் சொன்னதற்கு அதுதான் காரணம். நோய் முதல் நிலைதான் என்று உறுதியானது. கதிர்வீச்சு தேவைப்படவில்லை.

வீட்டுக்குப் போனபோது

மார்ச்சில் அவரால் படி இறங்க முடியவில்லை, லிஃப்ட் ஓடவில்லை, அதனால் நான் ஏறிப்போனேன். முதல் தடவையாக.

நான் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்துபோய், வராந்தாக் கைப்பிடிச் சுவரில் கட்டியிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்து, அதன் நுனியில் இருந்த கட்டைப்பையில் ஐம்பது ரூபாயைப் போட்டுக் கீழே இறக்கினார். கீழே கடைக்காரப் பையன் நிமிர்ந்து பார்த்தான். "டாக்டர் வந்துருக்காங்க, கூல்ட்ரிங்ஸ் போடுப்பா." பை மேலே வந்தபோது அதில் ஒரு குளிர்பான பாட்டில், இரண்டு பாக்கெட் கிரீம் பிஸ்கட், மீதிச் சில்லறை. கயிற்றின் நடுவில் மூன்று இடங்களில் முடிச்சுப் போட்டிருந்தது, அறுந்து அறுந்து கட்டியது. ஏழு வருடக் கயிறு.

மூட்டு வலி வந்ததிலிருந்து அவர் நாலு மாடி இறங்குவதே வாரத்தில் இரண்டு மூன்று தடவைதான். மற்ற நாட்களில் கயிறு எட்டுகிற கடைதான் அவருக்குக் கடை. அந்தக் கடையில் என்ன இருக்கிறது என்று இறங்கும்போது நின்று பார்த்தேன். சரம் சரமாக ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள், பால், பிஸ்கட், முட்டை, வெங்காயம், கொஞ்சம் உருளைக்கிழங்கு. பச்சைக் காய் கிடையாது, வாடிப்போனால் நஷ்டம் என்றார் கடைக்காரர், அவர் சொல்வதும் சரிதான். பக்கத்தில் பஜ்ஜி வண்டி, அதற்கடுத்து ஃபிரைட் ரைஸ் வண்டி, பரோட்டாக் கடை. காய்கறிக் கடைக்கு மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும். ஒரு கட்டுக் கீரை இருபது ரூபாய், ஷேர் ஆட்டோவில் போய்வர நாற்பது, ஆக அறுபது ரூபாய்க் கீரை. 2021இலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான், அது நிறையப் பேருக்கு உதவியிருக்கிறது. ஆனால் நிறுத்தம் வரை நடக்க முட்டி ஒத்துழைக்க வேண்டும், வண்டி எப்போது வரும் என்று தெரிய வேண்டும்.

நடப்பதற்கு? இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே இருக்கிற பாதையில் பைக்குகள் நிற்கின்றன, கழிவுநீர் தேங்கி நிற்கிறது, சாயங்காலம் ஆனால் விளக்கு எரிவதில்லை, குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆண்களைத் தாண்டிப் போக வேண்டும். 45 நிமிடம் நடக்கவும் என்று நான் எழுதிய சீட்டுகளை நினைத்துக்கொண்டேன்.

இடத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு

ஒரு தனி ஆளுக்கு வந்த புற்றுநோயைக் காட்டி, இந்த இடம்தான் காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவருக்குச் சர்க்கரை இருந்தது, வயது இருந்தது. குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இருந்ததில்லை, ஹார்மோன் மாத்திரை எடுத்ததில்லை. ஆனால் இடத்திலிருந்து எடைக்கும், எடையிலிருந்து நோய்க்கும் போகிற சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக நன்றாகத் தெரிந்ததுதான்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் ஆதாரங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்து, உடம்பில் சேரும் அதிகக் கொழுப்புக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது என்றது. மாதவிலக்கு நின்ற பின் வரும் மார்பகப் புற்றுநோய், பெருங்குடல், கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகம், சினைப்பை எல்லாம் அதில் உண்டு. அந்த 13இல் தொடர்பு மிக வலுவாக இருப்பது கர்ப்பப்பை உட்சுவருக்குத்தான். உடல் நிறை குறியீடு 40ஐத் தாண்டினவர்களுக்கு, சரியான எடை உள்ளவர்களைப் போல ஏழு மடங்கு ஆபத்து. காரணமும் புரிந்ததே: மாதவிலக்கு நின்ற பிறகு சினைப்பை ஓய்ந்துவிடும், ஆனால் கொழுப்புத் திசுவில் இருக்கிற அரோமட்டேஸ் என்ற நொதி, வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் கடிவாளம் போடும் புரோஜெஸ்டிரான் அப்போது உடம்பில் இல்லை. உட்சுவர் வளர்ந்துகொண்டே போகும், கூடவே பருமனால் ஏறுகிற இன்சுலினும் அந்த வளர்ச்சிக்குத் தீனி போடும்.

சரி, இடத்துக்கும் எடைக்கும்? அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த அரசுக் குடியிருப்புக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து 4,498 பெண்களைப் பற்றிய முடிவுகள் 2011இல் வந்தன. குடிபோக வாய்ப்புக் கிடைத்தவர்களிடம், குறியீடு 35ஐத் தாண்டிய கடும் பருமன் மற்றவர்களைவிட 4.6 சதவீதப் புள்ளி குறைவு, சர்க்கரையும் குறைவு. குலுக்கல் என்பதால், ஒழுக்கமாக இருப்பவர்கள்தான் நல்ல இடத்துக்குப் போனார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதே நாட்டில் 3,038 மாவட்டங்களை ஒப்பிட்ட 2023 ஆய்வு ஒன்று, நல்ல காய்கனிக் கடைகளை மூழ்கடிக்கிற அளவுக்குத் துரித உணவுக் கடைகள் மண்டிய மாவட்டங்களில், பருமன் சார்ந்த புற்றுநோய் இறப்பு அதிகமாக இருப்பதற்கான வாய்ப்பு 77 சதவீதம் கூடுதல் என்றது. இது மாவட்டக் கணக்கு, ஆள் கணக்கு இல்லை, அந்த எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே? தமிழ்நாட்டில் குறியீடு 25ஐ எட்டிய அல்லது தாண்டிய பெண்கள் 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். ஐந்தே வருடத்தில் நூற்றில் பத்துப் பெண்களின் மன உறுதி கரைந்துபோனதா என்ன? அவர்களைச் சுற்றி இருந்தது மாறியிருக்கிறது.

அப்புறம் செய்தது

சிகிச்சை முடிந்ததும் கோப்பை மூடியிருக்கலாம். மூடாததற்கு மருத்துவக் காரணமே இருக்கிறது: ஆரம்ப நிலையில் இந்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் பிற்பாடு அதிகமாக இறப்பது இதய நோயால். அவரைப் பழையபடி நாலாவது மாடியில், அதே கயிற்றோடு விட்டால் நாங்கள் பாதி வேலைதான் செய்திருப்போம்.

அதனால் அறிவுரையை நிறுத்திவிட்டு மூன்று விஷயங்களை முயன்றோம். முதலாவது, காய்கறி. அந்தத் தன்னார்வலரின் சுய உதவிக் குழுவைக் கொண்டு பிளாக்கின் கீழேயே வாரம் இரண்டு நாள் காய்கறி விற்க ஏற்பாடு செய்தோம். அது ஆறே வாரத்தில் படுத்துவிட்டது. தக்காளி அழுகியது, விலை மெயின் ரோட்டைவிடக் கூடுதல், போட்ட பணத்தில் பாதி போனது. நான் தந்த யோசனை என்பதால் அந்த நஷ்டம் எனக்குச் சங்கடமாக இருந்தது. அப்புறம் குழுப் பெண்களே பேசி, கீரை, முருங்கைக்காய், வாழைப்பழம் மூன்றை மட்டும், முதல் நாள் இரவே யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு கொண்டுவர ஆரம்பித்தார்கள். அது நிற்கிறது.

இரண்டாவது, நடை. பக்கத்துப் பள்ளி மைதானத்தைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் பெண்களுக்குத் திறந்துவிடச் சம்மதம் வாங்கினோம். தனியாக நடக்கப் பயந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேராகப் போனால் பயப்படவில்லை. விளக்குக்கு மனுக் கொடுத்து, நாலாவது மனுவில் எரிந்தது. மூன்றாவது, வேலை. பெட்டி மடிப்பதை நாங்கள் நிறுத்தச் சொல்லவில்லை, அதுதான் அவர் கைக்காசு. நூறு பெட்டிக்கு ஒருமுறை எழுந்து வராந்தாவின் கோடிவரை போய்வருவது என்று வைத்துக்கொண்டோம், ஐந்து டீயை இரண்டாக்கினோம், அதிலும் சர்க்கரை இல்லாமல். டீயை விட்டதுதான் ரொம்பக் கஷ்டம் என்கிறார்.

விளைவு

பதினெட்டு மாதத்தில் 81 கிலோ 74 ஆனது. குறியீடு இன்னும் 32க்கு மேல்தான். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 9.1இலிருந்து 7.2. இதுவரை எல்லாத் தொடர் பரிசோதனையிலும் நோய் திரும்பவில்லை. நடைக் குழு மழைக்காலத்தில் நாலு பேராகச் சுருங்கி, தை பிறந்ததும் மறுபடி கூடுகிறது. பேரப்பிள்ளைகளின் பாக்கெட் தீனியில் எங்களால் எந்த மாற்றமும் கொண்டுவர முடியவில்லை, பள்ளி வாசலிலேயே கடை இருக்கிறது.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. இந்த அம்மா தனக்கு நடந்ததை நடைக் குழுவில் வெளிப்படையாகச் சொல்ல ஆரம்பித்தார். நின்ன பிறகு பட்டா உடனே போயிடுங்கடி என்று. அதைக் கேட்டு இரண்டு பெண்கள் என்னிடம் வந்தார்கள். ஒருவருக்குச் சாதாரணக் கட்டி, எடுத்துவிட்டார்கள். இன்னொருவருக்கு உட்சுவர் மெலிந்ததால் வந்த ரத்தம், பயப்பட ஒன்றும் இல்லை.

மறுபடி செய்வதானால்

40 வயது தாண்டின ஒவ்வொரு பெண்ணிடமும், அவர் சளிக்காக வந்திருந்தாலும், மாதவிலக்கு பற்றியும் நின்ற பிறகு ரத்தம் பட்டதா என்றும் கேட்பேன். இவரிடம் நான் கேட்டிருந்தால் மூன்று மாதம் முன்பே தெரிந்திருக்கும். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு அனுப்பும்போதே, இது வாய்க்கு மட்டும், உள்ளே இருப்பதற்கு இல்லை என்று சொல்லி அனுப்புவேன். ஒருவருக்கு ஒரே வருடத்தில் மூன்று கிலோ ஏறினால், மூன்று மாதத்துக்குள் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன், அல்லது போகிறவரைக் கேட்பேன்.

இப்போது எங்கள் சீட்டில் எடை, ரத்த அழுத்தத்துக்குக் கீழே நாலு புதுக் கட்டங்கள் அச்சடித்திருக்கிறோம்: எந்த மாடி, லிஃப்ட் ஓடுகிறதா, காய்கறி எங்கே வாங்குகிறீர்கள், சாயங்காலம் வெளியே நடக்க முடியுமா. போன வாரம் அதைப் பூர்த்தி செய்தபோது அந்த அம்மாவின் பிளாக்கில் லிஃப்ட் நின்று பதினோரு நாள் ஆகியிருந்தது. கீரைக் குழுவிடம் சொல்லியிருக்கிறோம், லிஃப்ட் ஓடும் வரை நாலாவது மாடிக்கும் அதற்கு மேலும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.